‘லீவு’ கொடுப்பவர் யார்?

பாடசாலை விட்டு வரும் பிள்ளை, படலையைத் திறக்கும்போதே, “அம்மா, நாளைக்கு எங்களுக்கு லீவு!” என்று கூவிக்கொண்டு ஓடி வருகிறது. கந்தோரிலிருந்து திரும்பும் தந்தையார், சட்டையைக் கழற்றிக் கொடியிற் போட்டவாறே, “நானும் நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன்” என்கிறார். இவ்விரு செய்திகளையும் அடுப்படியில் நின்று கேட்கும் தாயார், ஒன்றும் பேசாது, நாளைய தோசைக்கு உளுந்தைச் சற்றுக் கூடுதலாக அளந்து ஊறப்போடுகிறார். பிள்ளைக்கும் லீவு, தந்தையார்க்கும் லீவு என்றால், தமக்கு வேலை இரட்டிப்பு என்பது அவருக்குத் தெரியும்.

‘லீவு’ என்னும் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் அது அயற்சொல் என்ற எண்ணமே எழாத அளவுக்கு நம் வீடுகளில் அது ஊறிவிட்டது. ஓரெழுத்து ஆங்கிலமும் அறியாத பாட்டியாரும், “பேரனுக்கு எப்போது லீவு?” என்றுதான் கேட்கிறார். விடுமுறை என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கவும், நாவிலே முந்திக்கொண்டு வருவது லீவுதான். இங்ஙனம் நாள்தோறும் நாம் எடுத்தாளும் இச்சொல்லின் பொருள் யாது? அது எங்கே பிறந்தது? எவ்வழியாக நம்மிடம் வந்தது? இவற்றை ஆராயப் புகுந்தால், ஒரு சொல்லின் கதையோடு, ஓய்வுக்காக மனிதன் பட்ட பாட்டின் கதையும் உடன் வெளிப்படுவதைக் காணலாம்.

ஒரே உருவில் இரு சொற்கள்

ஆங்கிலம் கற்கும் மாணவர் ஒருவரை அழைத்து, ‘லீவ்’ என்பதற்குப் பொருள் யாது என்று கேட்டால், ‘விட்டுச் செல்லுதல்’ என்று உடனே விடை வரும். வேலையை விட்டுச் செல்லும் நாள் ஆதலினால் அதனை ‘லீவு’ என்கிறார்கள் போலும் என்று அவர் விளக்கமுங் கூறுவார். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அது பிழை.

உண்மையில் ஆங்கிலத்திலே ‘லீவ்’ என்ற ஒரே ஒலியில் இரு வேறு சொற்கள் உள்ளன. ஒன்று வினைச்சொல், மற்றது பெயர்ச்சொல். விட்டுச் செல்லுதல் என்ற பொருளுடைய வினைச்சொல், ‘எஞ்சியிருக்கச் செய்தல்’ என்ற பொருளில் வழங்கிய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. உயிர் வாழ்தலைக் குறிக்கும் ‘லைஃப்’ என்ற சொல்லும் அதன் இனமே. ஒருவன் ஓரிடத்தை விட்டுப் போகும்போது அங்கே எதனை எஞ்சவிட்டுப் போகிறான் என்பதே முற்காலத்தில் அச்சொல்லின் கருத்து. போகின்றவனைப் பற்றிய கருத்து அதற்குப் பின்னர் வந்து சேர்ந்ததாகும்.

நாம் விடுமுறைக்கு வழங்கும் ‘லீவு’ இதற்கு எவ்வகையிலும் உறவன்று. அது பழைய ஆங்கிலத்தில் ‘அனுமதி’ என்று பொருள்பட்ட ஒரு பெயர்ச்சொல். ஒருவர் மற்றொருவரை நோக்கி, “இதனைச் செய்யலாம்” என்று இசைவு தருவதே ‘லீவ்’. பின்னர் நூற்றாண்டுகள் பல செல்லச் செல்ல இரு சொற்களின் ஒலிகளும் தேய்ந்து ஒன்றாயின. ஒலி ஒன்றானதும், பொருளும் ஒன்றே என்று மக்கள் கருதத் தலைப்பட்டனர். மரத்தின் இலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பன்மையும் ஏறத்தாழ இவ்வொலியே பெறும். அது மூன்றாவது சொல். அதற்கும் இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை. தமிழிலே ‘ஆறு’ என்பது நதியையும், எண்ணையும், வழியையும், தணிதலையும் குறித்து நிற்பதை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

அன்பில் பிறந்த அனுமதி

இந்த அனுமதிப் பொருளுடைய ‘லீவ்’ என்னும் சொல்லின் குடும்பத்தைச் சற்று ஆராய்வோமானால் வியப்பான உறவினர் சிலரைச் சந்திப்போம். அன்பைக் குறிக்கும் ‘லவ்’ என்ற சொல் அதன் நெருங்கிய இனம். நம்புதல் என்ற பொருளுடைய ‘பிலீவ்’ என்பதும் அவ்வினத்ததே. இவை யாவும் விருப்பம், உவப்பு என்னும் பொருளுடைய ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது சொல்லாராய்ச்சியாளர் கண்ட முடிவு. எனக்கு உவப்பானது எதுவோ அதற்கு நான் இசைவேன். நான் இசைந்தால் அது உனக்கு அனுமதியாகும். இவ்வாறு விருப்பம் இசைவாகி, இசைவு அனுமதியாகி, அனுமதி ஈற்றில் வேலைக்கு வராதிருக்கும் நாளாகிவிட்டது.

இவ்வளர்ச்சி ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்திலே முன்னாளில் விடுமுறையை ‘ரஜா’ என்று வழங்கினர். உருது மொழி வழியாக வந்த இச்சொல், மனநிறைவு, சம்மதம் என்னும் பொருளுடைய ஓர் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகள், மனம் உவத்தலில் தொடங்கி விடுமுறையில் வந்து முடிந்திருப்பதைக் காண்கின்றோம். நம் அயல்மொழியாகிய தெலுங்கிலும் ‘செலவு’ என்ற ஒரே சொல் அனுமதியையும் விடுமுறையையும் குறிக்கின்றது. ஆகவே ஓய்வு என்பது பிறர் தரப் பெறுவது என்ற எண்ணம் உலகின் பல மூலைகளிலும் ஆழ வேரூன்றியிருந்தது என்பது தெளிவு.

விடை பெறுதல்

ஆங்கிலத்திலே விருந்தினர் ஒருவர் புறப்படும்போது ‘லீவ் எடுத்தல்’ என்று கூறுவது வழக்கம். இங்கும் அது ‘போதல்’ என்ற பொருளதன்று. பெரியோர் ஒருவர் முன்னிலையிலிருந்து அவர் அனுமதியின்றி எழுந்து செல்லுதல் தகாது. ஆதலால் போகும் அனுமதியைப் பெற்றுக்கொள்வதே ‘லீவ் எடுத்தல்’ ஆயிற்று. பிறரிடம் சொல்லாமற் கொள்ளாமல் நழுவுபவரை ஆங்கிலேயர், ‘பிரெஞ்சுக்காரர் லீவ்’ எடுத்துக்கொண்டார் என்று கேலி செய்வர். பிரெஞ்சுக்காரரோ அதே செயலை, ‘ஆங்கிலேயர் முறையில் நழுவுதல்’ என்பர். பழியை அயல்வீட்டார் தலையிற் போடுவது மனித இயல்பு போலும்!

இதனை அப்படியே நம் தமிழிலும் காணலாம். ‘விடை பெறுதல்’ என்கின்றோம். விடை என்றால் வினாவுக்குரிய மறுமொழி என்று மட்டும் இன்றைய மாணவர் அறிவர். விடைக்கு அனுமதி என்ற பொருளும் உண்டு. விருந்துக்கு வந்தவர், “போகலாமா?” என்று கேளாமற் கேட்டு நிற்க, வீட்டார் கொடுக்கும் இசைவே விடை. அதனைப் பெற்றுக்கொண்டு செல்வதே விடை பெறுதல். ‘உத்தரவு’ என்ற வடசொல்லும் இவ்வாறே மறுமொழி, அனுமதி ஆகிய இரண்டையும் தழுவி நிற்பது. இக்காலத்தும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில், “போட்டு வாறன்” என்று சொல்லி, எதிரே இருப்பவர் “ஓம்” என்று சொல்லும்வரை ஓரடி எடுத்து வைக்காமல் நிற்கும் முதியோரைக் காணலாம். அந்த ஒரு “ஓம்” தான் விடை, அதுவே ‘லீவு’.

விடை, விடுமுறை, விடுதலை என்னும் மூன்று சொற்களும் ‘விடு’ என்ற ஒரே அடியிற் பிறந்தவை என்பதை ஈண்டு நினைவு கூர்தல் வேண்டும். பிடித்து வைத்திருக்கும் ஒருவர் இருந்தாலன்றோ விடுதல் என்ற செயலும் நிகழும்?

படைவீரனின் சொல்

‘லீவ்’ என்னும் சொல் வேலையிலிருந்து பெறும் ஓய்வைக் குறிக்கத் தொடங்கியதிற் படைகளுக்குப் பெரும் பங்குண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலப் படைகளில் இவ்வழக்கு நிலைபெற்றுவிட்டது. வீரன் ஒருவன் பாசறையை விட்டு நீங்கினால் அவன் ஓடிப்போனவனாகக் கருதப்படுவான். தளபதியின் அனுமதி கையில் இருந்தாற்றான் அவன் வீட்டுக்குப் போய்வரலாம். அந்த அனுமதியே அவனுடைய ஓய்வு. படைக்குரிய இவ்வழக்கம் பின்னர் அரசாங்கக் கந்தோர்களுக்கும் பாடசாலைகளுக்கும் பரவியது.

மற்றைய ஐரோப்பிய மொழிகளும் இதே வழியிற் சென்றுள்ளன. படைவீரர் விடுமுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பேர்லோ’ என்ற மற்றொரு சொல், 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் ‘வெர்லொஃப்’ என்ற சொல்லிலிருந்து இரவல் வாங்கப்பட்டது. அதன் பொருளும் அனுமதியே. இதே ஒல்லாந்தர்தாம் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, 1795ஆம் ஆண்டுவரை அதனை ஆண்டவர்கள். நாம் அலுவலகத்தைக் குறிக்க வழங்கும் ‘கந்தோர்’ என்பதும், மேசையின் ‘லாச்சி’ என்பதும் அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள். ஒல்லாந்தர் தந்த கந்தோரிலே ஆங்கிலேயர் தந்த லீவைக் கேட்டு நிற்கின்றோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஜேர்மானியர் விடுமுறையை ‘ஊர்லௌப்’ என்பர். இடைக்காலத்திலே வீரன் ஒருவன் தன் தலைவனிடமோ, தான் மதித்துப் போற்றிய சீமாட்டியிடமோ புறப்படுவதற்குப் பெற்ற அனுமதியே இச்சொல்லின் முதற்பொருள். பிரெஞ்சு மொழியில் விடுமுறையைக் குறிக்கும் ‘கோன்ஜே’ என்ற சொல்லோ, உரோமானியப் படைவீரன் பெற்ற விடுமுறைக்கு வழங்கிய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஓய்வு நேரத்தைக் குறிக்கும் ‘லெஷர்’ என்ற ஆங்கிலச் சொல்லாவது சுதந்திரமாகப் பிறந்ததோ என்று பார்த்தால், அதுவும் இலத்தீனிலே ‘அனுமதிக்கப்படுதல்’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்ததேயாம். மோட்டார் வண்டி ஓட்டுவதற்கு நாம் பெறும் ‘லைசென்ஸ்’ அதன் உடன்பிறப்பு.

இங்ஙனம் எத்திசையில் நோக்கினும் ஓய்வின் பின்னே ஒரு தலைவன் நிற்கின்றான். அவன் தலையசைத்தால் ஓய்வு உண்டு, அசைக்காவிட்டால் இல்லை.

பிள்ளை எழுதும் முதற் கடிதம்

இவ்வுண்மையை நம் பிள்ளைகள் இளமையிலேயே தம்மையறியாமற் கற்றுக்கொள்ளுகின்றனர். பாடசாலையிற் கற்பிக்கப்படும் கடிதங்களுள் முதன்மையானது யாது? வகுப்பாசிரியருக்கு எழுதும் லீவுக் கடிதமே. காய்ச்சற் காரணமாக இரண்டு நாட்கள் வரமுடியவில்லை என்பதைக் கூறி, அனுமதி தருமாறு தாழ்மையுடன் வேண்டி, ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள மாணவன்’ என்று முடிக்கின்றது அக்கடிதம். காய்ச்சல் எவரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. ஆயினும் காய்ச்சற்காரன் அனுமதி கேட்டே ஆகவேண்டியிருக்கிறது.

தமிழர் இச்சொல்லோடு சேர்த்து வழங்கும் வினைகளைக் கவனியுங்கள். ‘லீவு கேட்டல்’ என்பதிற் பணிவு தொனிக்கின்றது. ‘லீவு கொடுத்தல்’ என்பதிலே கொடுப்பவரின் கை உயர்ந்து நிற்கின்றது. ‘லீவு எடுத்தல்’ என்னும்போது, உரிமையோடு நம் பொருளை நாமே எடுத்துக்கொள்ளும் பாவனை வந்துவிடுகின்றது. ‘லீவு போடுதல்’ என்பதிலோ ஒரு துணிச்சலே உண்டு. கேட்பதற்கும் எடுப்பதற்கும் இடையே உள்ள இச்சிறு தூரத்தைக் கடப்பதற்கு உலகத் தொழிலாளர்க்கு எத்தனை தலைமுறைகள் சென்றன என்பதை இனிக் காண்போம்.

அனுமதி உரிமையானது

எல்லா ஓய்வும் தலைவன் அருளால் வருவது என்ற எண்ணத்துக்கு மாறான ஒரு கருத்தும் பழங்காலத்திலேயே தோன்றியிருந்தது. யூதரின் ‘சபத்’ என்ற சொல் ‘நிறுத்துதல்’ என்னும் பொருளுடைய எபிரேய வினையோடு தொடர்புடையது. ஏழாம் நாளில் வேலை நிற்க வேண்டும் என்பது அவர்களது வேதக் கட்டளை. வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்றி, வேலைக்காரனுக்கும், வேலைக்காரிக்கும், வந்து தங்கிய அந்நியனுக்கும், உழும் மாட்டுக்குங்கூட அந்நாளில் ஓய்வு விதிக்கப்பட்டது. எசமானன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அடிமைக்கு அன்று ஓய்வு. விவிலியத்தைத் தமிழாக்கியோர் இதனை ‘ஓய்வுநாள்’ என்று மொழிபெயர்த்தமை மிகப் பொருத்தமே. ஏனெனில் ‘ஓய்’ என்பதற்கும் நிற்றல், ஒழிதல் என்பதே பொருள். மழை ஓய்ந்தது என்கின்றோமல்லவா?

‘ஹொலிடே’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘புனித நாள்’ என்ற தொடரின் திரிபே. கடவுளுக்குரிய நாளில் மனிதன் உழைக்கவில்லை. ஆனால் இயந்திரத் தொழிற்சாலைகள் பெருகியபோது திருநாட்கள் சுருங்கின. ஆலைச் சங்கு கோயில் மணியை விழுங்கியது.

இந்நிலையில் 1871ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதற்குக் காரணராயிருந்தவர் சேர் ஜோன் லபொக் என்னும் வங்கியாளர். இங்கிலாந்தில் ஆண்டுக்கு 4 நாட்கள் வங்கிகள் மூடப்படவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. வங்கி மூடினால் வணிகம் நிற்கும். வணிகம் நின்றால் மற்றையோரும் ஓய்வர். இன்றும் நம் நாட்காட்டிகளில் ‘வங்கி விடுமுறை’ என்று அச்சிடப்படும் தொடருக்கு மூலம் இதுவே. நன்றியுற்ற மக்கள் லபொக்கைப் புனிதர் ஆக்கி, அவர் பெயராலே அந்நாளை வேடிக்கையாக அழைத்தனராம். இவர் விலங்கியல் அறிஞருமாவர். எறும்புகளையும் தேனீக்களையும் குளவிகளையும் பற்றி 1882ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர். ஓயாது உழைக்கும் எறும்பை ஆராய்ந்தவரே மனிதனுக்கு ஓய்வு தேடிக்கொடுத்தார் என்பது சுவையான செய்தியன்றோ?

முதலாம் உலகப் போரின் பின், 1919ஆம் ஆண்டில் அமைந்த சர்வதேசத் தொழில் தாபனம், தன் முதலாவது உடன்படிக்கையிலேயே தொழிற்சாலை வேலையை நாளுக்கு 8 மணித்தியாலமாகவும் வாரத்துக்கு 48 மணித்தியாலமாகவும் வரையறுத்தது. 1921ஆம் ஆண்டில் வாரந்தோறும் தொடர்ச்சியாக 24 மணித்தியால ஓய்வு வேண்டும் என்றது. 1936ஆம் ஆண்டிலே, ஓராண்டு தொடர்ந்து உழைத்தவர்க்குக் குறைந்தது 6 வேலை நாட்கள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை அளிக்கவேண்டும் என்று உடன்படிக்கை செய்தது.

சம்பளத்தோடு கூடிய என்ற அச்சொற்றொடரிலேதான் எல்லாம் அடங்கியிருக்கின்றது. சம்பளமில்லாத ஓய்வு, உழைப்பாளிக்குப் பட்டினியின் மறுபெயர். இதனை நன்கு உணர்ந்தவர்கள் பிரான்சு நாட்டுத் தொழிலாளர்கள். அதே 1936ஆம் ஆண்டில், லியோன் புளும் தலைமையில் அரசாங்கம் அமைந்த வேளையில், நாடெங்கும் பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. அவற்றின் பயனாகத் தொழிலாளர் அனைவர்க்கும் ஆண்டுக்கு இரண்டு வாரங்கள் சம்பளத்தோடு கூடிய ‘கோன்ஜே’ சட்டமாயிற்று. அவ்வாண்டுக் கோடையிலே, தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்ட குடும்பங்கள் பல. உரோமானிய வீரன் தலைகுனிந்து பெற்ற அனுமதி, அன்று உழைப்பாளியின் உரிமையாக உருமாறியது. சொல் மாறவில்லை, அதன் உள்ளே இருந்த தலைவன் மறைந்துவிட்டான்.

1948ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை, ஓய்வுக்கும் ஓய்வு நேரத்துக்கும் ஒவ்வொருவரும் உரிமையுடையர் என்று பறைசாற்றியது. வேலை நேரம் வரையறுக்கப்படுதலையும், காலத்துக்குக் காலம் சம்பளத்தோடு விடுமுறை பெறுதலையும் அவ்வுரிமையுள் அது அடக்கிற்று.

நம் நாட்டிலே

இலங்கையில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்வோர்க்கு வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வையும், ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையையும், 7 நாள் அமைய விடுமுறையையும் வகுத்தது. கடைச் சிப்பந்தி ஒருவர், முதலாளியின் முகம் மலர்ந்திருக்கும் வேளை பார்த்து லீவு கேட்டுநின்ற காலம் அத்தோடு முடிவுற்றிருக்க வேண்டும். முற்றாக முடிந்ததா என்பதை அவரவர் தத்தம் மனத்தையே கேட்டுக்கொள்க.

ஓய்வு நாளை எவர் நிச்சயிப்பது என்ற வினாவும் இந்நாட்டில் எழுந்ததுண்டு. 1966ஆம் ஆண்டு தொடக்கம் 1971ஆம் ஆண்டுவரை இங்கே ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் நான்கு நிலைகளுக்கும் உரிய போயா நாட்களே வார ஓய்வு நாட்களாயின. ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் இடையே சிலவேளை 7 நாட்களும் சிலவேளை 8 நாட்களும் செல்லுமாதலின், எந்தக் கிழமை லீவு என்பதை அறிய நாட்காட்டியைப் பார்க்கவேண்டியிருந்தது. வெளிநாட்டு வணிகத்துக்கு இடையூறு விளைந்தமையால் 1971ஆம் ஆண்டில் ஞாயிறு மீண்டது. பூரணைப் போயா நாள் மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது.

நிற்க. மலையகத் தோட்டங்களிலே ஒருநாள் வேலையைப் ‘பேர்’ என்று வழங்குவர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ விழுவது நெடுங்கால வழக்கு. விழுந்த பேருக்கே கூலி. இத்தகைய நாட்கூலி உழைப்பாளிக்கு, மழையினாலோ நோயினாலோ வேலைக்குப் போகாத நாள் லீவு நாளன்று. உலையில் அரிசி குறையும் நாள். நகரத்திலே கட்டடவேலை செய்வோர்க்கும், கடலை நம்பி வாழ்வோர்க்கும் நிலைமை இதுவே. உரிமைப் பிரகடனம் எட்டாத வீடுகள் இன்னும் பல உள்ளன என்பதை, சம்பளத்தோடு லீவெடுக்கும் நாம் மறத்தல் ஆகாது.

இளைப்பாறுதல்

ஓய்வைக் குறிக்கத் தமிழுக்கே உரிய அழகிய சொல் ஒன்று உண்டு. அது ‘இளைப்பாறுதல்’ என்பது. இளைப்பு என்பது களைப்பு. ஆறுதல் என்பது சூடு தணிதல். காய்ச்சிய பால் ஆறுகின்றது, புண் ஆறுகின்றது, மனம் ஆறுகின்றது, அதுபோல் இளைப்பும் ஆறுகின்றது. இதிலே கொடுப்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. உழைப்பால் உடல் சூடேறியது, அது இயல்பாகத் தணிகின்றது என்ற அளவே பொருள். உத்தியோகத்தை முடித்துக்கொண்டவரை ‘இளைப்பாறிய ஆசிரியர்’, ‘இளைப்பாறிய அதிபர்’ என்று கூறும் நம் ஈழத்து வழக்கு எத்துணை இனியது!

ஆங்கிலத்திலும் அனுமதி வாடையில்லாத சொல் ஒன்று உண்டு. அதுவே ‘ரெஸ்ட்’ என்பது. அதன் இனமாகிய பழைய ஜேர்மானிய மொழிச் சொற்கள், ஓய்வை மட்டுமன்றி வழித்தூரத்தையும் குறித்தன. ஒருவன் எவ்வளவு தூரம் நடந்தால் இளைப்பாற வேண்டுமோ அவ்வளவு தூரம் ஓர் அளவையாயிற்று. அக்கால மனிதன் தூரத்தைத் தன் களைப்பால் அளந்தான் என்க.

நம் முன்னோரும் அவ்வாறே அளந்தனர். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்திலே மடமும், கேணியும், மாடுகள் உரோஞ்சுவதற்கான ஆவுரோஞ்சிக் கல்லும், சுமைதாங்கியும் அமைந்திருந்தன. பருத்தித்துறையிலே தெருவையே கூரையால் மூடி, இருபுறமும் திண்ணை வைத்துக் கட்டப்பட்ட தெருமூடிமடம் இன்றும் நிற்கின்றது. வழிப்போக்கர் எவரும் அதன் கீழே அமர்ந்து எழுந்து செல்லலாம்.

இவற்றுள் சுமைதாங்கியே நம் உள்ளத்தை மிகவும் தொடுவது. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியதே சுமைதாங்கி. தலைச்சுமையோடு தனியே நடந்து வருபவர், இறக்கிவிட ஒருவர் துணையின்றித் தாமே அதன்மீது சுமையைச் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்கி, மீண்டும் தாமே ஏற்றிக்கொண்டு போவர். கருவுற்றிருந்த நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் தமிழரிடையே இருந்தது. இறக்கி வைக்காத சுமையோடு மறைந்தவள் பொருட்டு, வழியே போகின்றவர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்!

அம்மாவின் லீவு

இப்பொழுது, கட்டுரையின் தொடக்கத்தில் நாம் விட்டுவந்த அடுப்படிக்குத் திரும்புவோம். உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்கு லீவு கொடுக்க அதிபர் இருக்கிறார். தந்தையாருக்கு லீவு கொடுக்க மேலதிகாரி இருக்கிறார். அவர் மறுத்தால் முறையிடச் சட்டம் இருக்கிறது. தாயார் யாரிடம் லீவுக் கடிதம் எழுதுவது? அவருக்கு ஆண்டுக்கு 14 நாட்கள் என்று வகுத்த சட்டம் எது? தைப்பொங்கலும் தீபாவளியும் வருடப்பிறப்பும் நாட்காட்டியிலே சிவந்த எழுத்தில் இருக்கின்றன. ஆனால் அவருக்கு மிகுந்த வேலை வரும் நாட்களும் அவையே.

“அம்மா, நீங்கள் இன்றைக்கு ஓய்வெடுங்கள்” என்று பிள்ளைகள் சொல்வது நல்ல பண்பே. ஆயினும் சற்று எண்ணிப் பாருங்கள். அடுப்படியில் வேலை அப்படியே குவிந்திருக்க, வாயினால் மட்டும் ஓய்வெடுக்கச் சொல்வது, பழைய தளபதி கொடுத்த அனுமதியினும் மேலானதன்று. சொல்லால் வருவது லீவு. சுமையைப் பிறர் தாங்கும்போதே வருவது இளைப்பாறுதல். பிள்ளை ஒன்று கிணற்றடிக்குச் சென்று பாத்திரத்தைக் கழுவ, மற்றொன்று தேங்காயைத் துருவ, தந்தையார் அடுப்பின் முன் நிற்க, தாயார் திண்ணையிலே ஒருமணி நேரம் காலை நீட்டி அமர்ந்து இந்த வாரமலரைப் புரட்டுவாராயின், அன்றைக்கே அவ்வீட்டில் உண்மையான லீவு.

வாரம் முழுவதும் ஒருவர் தலையிலே கிடக்கும் சுமைக்கு, வீட்டிலுள்ள மற்றையோர் சுமைதாங்கியாய் நிற்கலாமன்றோ? அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.